படத்தில் இருப்பவர்தான் வாடிக்கையாளர்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய தூத்துக்குடி உப்பளப் படங்களையும், கூடவே எழுதியிருந்த குறிப்புகளையும் பார்த்துவிட்டேன். விஸ்காம் படிக்கும் வேறு சில பிள்ளைகளும் இதே கேள்விகளோடு வருவதால், உனக்கு எழுதுவதை அப்படியே பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். உன் பெயரும் கல்லூரிப் பெயரும் இதில் வராது. கோபித்துக்கொள்ளாதே.

குறிப்பின் முதல் பக்கத்திலேயே நீ ஒரு கோடு கிழித்துவிட்டாய். ஆவண ஒளிப்படம் என்றால் நடப்பதை நடக்கிறபடியே எடுப்பது. உருவப்படம் என்றால் உட்கார வைத்து, வெளிச்சம் பார்த்து, 'ரெடி' சொல்லி எடுப்பது. முன்னது உண்மை, பின்னது ஜோடனை. ஆகையால் நீ ஆவணத்தின் பக்கம். தேர்வுத்தாளில் இதை எழுதினால் மதிப்பெண் விழும். எனக்கு இது ஒப்பவில்லை.

நான் தொழில் கற்றது சின்ன ஊர் ஸ்டூடியோ ஒன்றில். மாடிப்படி ஏறியதும் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. உள்ளே தாஜ்மகால் வரைந்த திரை, முக்காலி, பிளாஸ்டிக் பூச்சாடி. நீ ஜோடனை என்று சொல்வது இதைத்தான். அங்கே ஒருநாள் நடந்ததைக் கேள். ஓர் அம்மாள் முந்தின வாரம் எடுத்த படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "மூக்குத்தி தெரியலையே" என்றார். விளக்கு ஒரு பக்கம், மூக்குத்தி மறுபக்கம், நிழலில் விழுந்துவிட்டது. மற்றபடி அது அருமையான படம். கண்களில் அப்படியொரு தெளிவு. எங்கள் முதலாளி அதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. விளக்கை இடம் மாற்றினார், அந்த அம்மாளை மறுபடி உட்கார வைத்தார், எடுத்துக் கொடுத்தார். கூடுதல் காசும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டால் மறுபடி எடுத்துக் கொடுப்பது தொழில் மரியாதை.

இப்போது உன் படங்களுக்கு வா. உப்புக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வரும் அந்தப் பெண், உன் படத்தைப் பார்த்து "மூக்குத்தி தெரியலையே" என்று சொல்ல வழி இருக்கிறதா? அவர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். உன் பேராசிரியர் பார்த்திருப்பார், நான் பார்த்தேன், நாளைக்குப் போட்டி நடுவர் பார்ப்பார். படம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, படத்தில் இருப்பவருக்கு மட்டும் கிடையாது. உன் இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். உட்கார வைத்தாயா, நடக்கும்போது எடுத்தாயா என்பது சின்ன விஷயம். படம் யாருக்காக எடுக்கப்பட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்பதுதான் கேள்வி.

இதில் நம் ஊருக்கே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்ததெல்லாம் அதைத்தான். அந்தப் பஞ்சத்தின் படங்கள் என்று இன்று நாம் பார்ப்பவற்றில் பல, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எடுத்தவை. இணையத்தில் தேடினால் கிடைக்கும். பார்ப்பது எளிதாக இருக்காது, ஆனாலும் ஒருமுறை பொறுமையாகப் பார். பட்டினியைவிட எனக்குத் திகைப்பூட்டுவது அந்தப் படங்களின் ஒழுங்கு. எலும்பும் தோலுமாக இருப்பவர்களில் சிலரை முன்னால் உட்கார வைத்து, சிலரைப் பின்னால் நிறுத்தி, குழந்தையை மடியில் கிடத்தி, அச்சு அசலாக ஸ்டூடியோ குடும்பப் படம்போல் அமைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். நிற்கவே தெம்பில்லாதவர்களிடம் அசையாதே என்று கேட்டு வாங்கிய படம் அது.

ஆக, ஆவணமும் உருவப்படமும் வேறு வேறு என்ற உன் கோடு அங்கேயே அழிந்துவிடுகிறது. வடிவத்தில் அது உருவப்படம், நோக்கத்தில் ஆவணம். உருவப்படத்துக்குரிய மரியாதை மட்டும் அதில் இல்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை. இதே ஹூப்பர் 1886இல் பர்மாவில், துப்பாக்கிப் படை சுடும் நொடியைப் படம்பிடிக்கக் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார் என்று விசாரணைக்கும் கண்டனத்துக்கும் ஆளானார். அதற்கு முன்பே, 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளாக 1868 முதல் 1875 வரை வெளிவந்த அரசு வெளியீட்டுக்கும் படங்கள் கொடுத்தவர் அவர். மனிதர்களைச் சாதிவாரியாக, இனவாரியாக அடுக்கிய தொகுப்பு அது. பிறகு 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியலிட்டபோதும் அதே கதைதான். மூக்கை அளந்தார்கள், முகத்தை எடுத்தார்கள், பெயரைக் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்வான் என்று நீ சொல்லலாம். நீயும் நானும் செய்வது என்ன? உன் படங்களின் கீழே எழுதியிருப்பதைத் திரும்பப் படி. 'உழைப்பு', 'வெண்ணிறத் துயரம்', 'உப்புப் பெண்'. தர்ஸ்டனாவது எந்த ஊர், எந்தச் சமூகம் என்று குறித்து வைத்தார்.

டோரத்தியா லேங்கின் 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை நீயே உன் குறிப்பில் பெரிதாகப் புகழ்ந்திருக்கிறாய். ஆவண ஒளிப்படத்தின் சிகரம் என்று எழுதியிருக்கிறாய். சிகரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் முழுக் கதையும் உனக்குத் தெரிய வேண்டும். 1936 மார்ச் மாதம். கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்துக்குப் பக்கத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். பனியில் பயிர் கருகிப்போய் வேலை இல்லை. அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்த லேங்க், வழியில் அந்த முகாமின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தும் நிற்காமல் போய்விட்டார். இருபது மைல் தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். கூடாரத்தில் ஒரு தாய், பிள்ளைகளோடு. வயது முப்பத்திரண்டு என்று கேட்டுக்கொண்டார். பெயர் கேட்கவில்லை. தான் கேட்கவில்லை என்று பின்னாளில் லேங்கே எழுதியிருக்கிறார்.

படம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்தது. அரசு அசைந்தது. 20,000 பவுண்டு உணவு அந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டது. வண்டியின் டயர்களை விற்றுத்தான் சாப்பிட்டார்கள் என்று லேங்க் எழுதினார். விற்கவே இல்லை, அந்த வண்டியில்தானே ஊரைவிட்டுப் போனோம் என்று குடும்பம் பிறகு மறுத்தது. 1978இல்தான் அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள்! அஞ்சலட்டையிலும் பாடப்புத்தகத்திலும் சுவரொட்டியிலும் அந்த முகம் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அதே கலிஃபோர்னியாவில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டாம் என்றும், அதனால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்றும் சொன்னார். அரசுக்காக எடுத்த படம் என்பதால் லேங்குக்கும் அதில் உரிமைப் பணம் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழியை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இதில் இன்னொரு சின்ன விவரம் உண்டு. படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கண்ணை உறுத்துகிறது என்று லேங்க் சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவில் அதை அழிக்க ஏற்பாடு செய்தார். உண்மையின் சிகரம் என்று நீ சொல்லும் படத்திலும் டச்சிங் உண்டு, தம்பி. எங்கள் ஸ்டூடியோவில் பென்சிலைக் கூராகச் சீவி, நெகட்டிவில் கன்னத்துக் குழியை நிரப்புவோம். அதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? நாங்கள் வாடிக்கையாளர் கேட்டு நிரப்பினோம்.

1983இல் தாம்சன் நோய்வாய்ப்பட்டபோது அவருடைய பிள்ளைகள் உதவி கேட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த மக்கள் நாடெங்கும் இருந்து பணம் அனுப்பினார்கள். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. படம் கடைசியில் அவருக்கு உதவியது. ஆனால் பெயர் தெரிந்த பிறகுதான் உதவ முடிந்தது.

அடுத்த அரை நூற்றாண்டிலாவது திருந்தினோமா என்றால், 1984இல் பெஷாவர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் சிறுமியைப் பார். 1985இல் 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்தாள். ஷர்பத் குலா என்ற பெயர் நமக்குத் தெரிந்தது 2002இல்.

பெரிய மனிதர்கள் விஷயத்தில் இப்படி நடப்பதில்லை. புதுச்சேரியில் பல ஆண்டுகளாக யாரும் படமெடுக்காத அரவிந்தரை 1950 ஏப்ரலில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்தார். கேட்டு, அனுமதி கிடைத்த பிறகே அந்த அறைக்குள் போக முடிந்தது. உலகப் புகழ்பெற்ற கேமராக்காரரே ஆனாலும் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. உப்பளத்துக்கு வாசல் கிடையாது. கேட்பதா வேண்டாமா என்பது உன் மனசாட்சிக்கு விடப்படுகிறது, அவ்வளவுதான்.

கேட்கவே முடியாத நேரங்கள் உண்டு. போபாலில் 1984 டிசம்பரில், விஷவாயுவில் இறந்த ஒரு குழந்தையைப் புதைக்கும்போது, மண்ணுக்கு வெளியே அந்த முகம் மட்டும் தெரிந்த கணத்தை ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார். அது யாருடைய குழந்தை என்று இன்றுவரை தெரியவில்லை. யாரிடம் அனுமதி கேட்பது? அந்தப் படம் இல்லையென்றால் போபாலை உலகம் இன்னும் சீக்கிரமாக மறந்திருக்கும். ஆகவே பெயர் தெரியாத படமெல்லாம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பேரழிவுக்கு ஒரு நியாயம், அன்றாட வேலைக்கு ஒரு நியாயம். உப்பு வாருகிற பெண் நாளைக்கும் அதே பாத்தியில் இருப்பார். கேட்க நேரமில்லை என்று நீ சொல்ல முடியாது.

சரி, வேறு விதமாகச் செய்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், பக்கத்திலேயே. தயாநிதா சிங் 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக தில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். லண்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும் மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார்; அங்கே அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். தயாநிதா கொடுத்துவிட்டார். பத்திரிகை வேலை போயிற்று. அதிலிருந்து தொடங்கியது பல ஆண்டு நட்பு. 2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' என்ற புத்தகம் வந்தபோது, அதில் எழுத்து மோனாவுடையது. பதிப்பாளருக்கு மோனா எழுதிய மின்னஞ்சல்கள். அந்தப் புத்தகத்தை ஆவணம் என்பாயா, உருவப்படம் என்பாயா? நூலகத்தில் எந்த அலமாரியில் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

நம் பக்கத்தில் எம். பழனிக்குமார். மதுரைக்காரர், மீன் விற்ற தாயின் மகன். திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை அவர் எடுத்த படங்களில் துயரத்தைத் தாண்டி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். கையில் கணவரின் படத்தைப் பிடித்திருப்பார்கள். யாருக்காக இது எடுக்கப்படுகிறது என்று தெரிந்த பார்வை அது. அவர் தன் தாயைத் தொடர்ந்து படமெடுத்திருப்பதையும் பார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் தன் வீட்டையும் தன் குடும்பத்தையுமே எடுத்தார். வீட்டுக்குள் கேமராவைத் திருப்பினால் ஒரு பாடம் உடனே கிடைக்கும்: பிடிக்காத படத்தைக் கிழித்துப் போடச் சொல்ல உன் அத்தைக்கு உரிமை உண்டு. ஒரு மாதம் அத்தையை எடுத்துப் பழகிவிட்டு உப்பளத்துக்குப் போயிருந்தால் உன் கை வேறு மாதிரி வேலை செய்திருக்கும்.

உபதேசம் போதும், தொழிலுக்கு வருகிறேன். உன் படங்களில் பாதிக்கு மேல் நிழலுருவங்கள். வெள்ளைத் தரை, கருத்த உருவம், பின்னால் விடிகாலை வானம். அழகாக இருக்கின்றன, சங்கடமே அதுதான். நீ வேண்டுமென்று அப்படி எடுத்தாயா, கேமரா எடுத்துக் கொடுத்ததா? மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். உப்பைப் பார்த்தால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும். உப்பு சாம்பலாகும், முகம் கரியாகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் ஏற்றி வை. ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்துப் பழகினால் இன்னும் நல்லது. ஆனால் கறுத்த முகத்தில் வைத்தால் மீட்டர் அதையும் சாம்பலாக்கப் பார்த்து வெளுக்க வைக்கும். அங்கே ஏறத்தாழ ஒரு ஸ்டாப் இறக்கிக்கொள். அந்தத் தோல் வெயிலில் என்ன நிறமோ அந்த நிறம் வர வேண்டும்.

தோல் நிறம் என்பது இந்தத் தொழிலில் சாதாரண விஷயமில்லை. கலர் ஃபிலிம் காலத்தில், லேபுகளில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். பல நிறத்தவரும் இருக்கும் அட்டை வர 1990கள் ஆயிற்று. நாமும் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் கலராப் போடுங்க" என்று கேட்காத கல்யாண வீடு உண்டா? இப்போது செல்போனே கேட்காமல் வெளுக்கிறது. வெளுக்க வைப்பதும் கரியாக்குவதும் முகத்தை மறைக்கும் இரண்டு வழிகள்.

உப்பளத்தில் ஒரு வசதி இருக்கிறது, நீ அதைப் பயன்படுத்தவே இல்லை. உப்பு அம்பாரம் மாதிரி ரிஃப்ளெக்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆளைச் சூரியனுக்கு முதுகு காட்டி, அம்பாரத்துக்கு முகம் காட்டி நிற்கச் சொல். வெளிச்சம் அம்பாரத்தில் பட்டுத் திரும்பி, தலையில் கட்டிய துண்டுக்கு அடியில் இருக்கும் கண்வரைக்கும் போகும். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டால் தரையிலிருந்து வரும் வெளிச்சம் தாடைக்கு அடியில் அடித்து முகம் விகாரமாகும். ஆகவே காலையிலேயே முடித்துக்கொள். நிற்கச் சொல்வதற்கு முதலில் நீ பேச வேண்டும் என்பதைக் கவனித்தாயா? நல்ல வெளிச்சத்துக்காகவாவது வாயைத் திற.

70–300 லென்ஸைக் கழற்றி வை. கரையில் நின்றுகொண்டு நூறடி தூரத்தில் இருப்பவரின் வியர்வையை எடுப்பது வேவு பார்ப்பது. 35 அல்லது 50 போட்டால் பக்கத்தில் போயாக வேண்டும். பக்கத்தில் போனால் 'யாருப்பா நீ, எதுக்கு எடுக்கிற' என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியவில்லையென்றால் எடுக்காதே. 'புராஜெக்ட்டுக்கு' என்பது பதிலாகாது. யார் பார்ப்பார்கள், எங்கே வரும், உங்களுக்கு ஒரு பிரதி எப்போது வரும் என்று சொல்.

அப்புறம், கேமராவைப் பார்த்ததும் அவர்கள் விறைப்பாக நின்றுவிடுகிறார்கள், இயல்பு போய்விடுகிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். கூடையைக் கீழே வைப்பார்கள், சேலையைச் சரிசெய்வார்கள், கையை நேராகத் தொங்கவிட்டு, சிரிக்காமல் நிற்பார்கள். தம்பி, நீ எடுக்க வேண்டிய முதல் படமே அதுதான். அவர்கள் தங்களை எப்படிக் காட்ட விரும்புகிறார்கள் என்று உனக்குச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ஆகஸ்ட் சாண்டர் 1914இல், நடன விருந்துக்குக் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாகப் போய்க்கொண்டிருந்த மூன்று இளம் விவசாயிகளை வழியில் நிறுத்தி எடுத்தார். மண்வெட்டியைக் கொடுத்து வயலில் நிற்க வைக்கவில்லை. சாண்டர் பிழைப்புக்கு ஸ்டூடியோ நடத்தியவர். நிற்பவர் விரும்பியபடி நிற்க விடுவது அவருக்குக் கைவந்த பழக்கம். சமையல்காரர், செங்கல் சுமப்பவர், வக்கீல், வேலையில்லாதவர் என்று ஒரு சமூகத்தையே அப்படி எடுத்தார். 1929இல் அந்த முகங்கள் புத்தகமாக வந்தன. 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். விறைப்பாக நிற்கும் சாதாரண மனிதர்களின் படம் ஓர் அரசாங்கத்துக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது. அவரும் பெரும்பாலும் தொழிலைத்தான் தலைப்பாக வைத்தார், பெயரை அல்ல. அந்த ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்றாதே.

விறைப்பு பத்து நிமிடத்தில் போய்விடும். பிறகு கூடையைத் தூக்குவார்கள், பேசுவார்கள், உன்னைக் கிண்டலடிப்பார்கள். அப்போது எடு. ஆனால் முதல் படத்தைத் தூக்கிப் போடாதே. பிரதி கேட்கும்போது அவர்கள் கேட்பது அதைத்தான்.

கறுப்பு வெள்ளையாக மாற்றியிருப்பது எதற்கு என்றும் புரியவில்லை. ஏழைகளைக் கண்டதும் நிறத்தை உறிஞ்சிவிடுவது ஒரு வியாதி. அந்தப் பெண்கள் கட்டியிருப்பது கிளிப்பச்சையும் ஆரஞ்சும். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண்கள் சட்டையில் நீலக் கோடு. அதை அவர்கள் தேர்ந்தெடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாம்பலாக்க உன்னை யார் கேட்டார்கள்?

பிரதி கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கல்லூரியில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். ஸ்டூடியோவில் எங்களுக்கு மனசைப் பிசையும் வேலை ஒன்று உண்டு. வீட்டில் ஒருவர் தவறிவிடுவார். மகனோ மருமகனோ ஓடிவருவார். கையில் வாக்காளர் அட்டை, அல்லது ரேஷன் கார்டு. அதில் தபால்தலை அளவில், முத்திரை பாதி மறைத்த ஒரு முகம். "இதைப் பெருசாக்கிக் கொடுங்க, சாயங்காலம் மாலை போடணும்" என்பார். அறுபது வருஷம் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு வேறு படமே இருக்காது. முகத்தைச் சுற்றியிருப்பதை வெட்டி எறிந்து, பட்டுச்சேலை உடம்பொன்றில் ஒட்டி, நீலப் பின்னணி போட்டுக் கொடுப்போம். இன்றைக்கு ஆதார் படம் வந்திருக்கிறது. அதில் யாரும் தன்னைப்போல் இருப்பதில்லை. நீ எடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கும் படம், அந்த வீட்டில் நாளைக்கு மாலை போடப் போகும் படமாக இருக்கலாம். மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்ய ஒரு டீ வடை காசுதான் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்று சமாதானம் சொல்லாதே. போன் மாறினால் படம் போச்சு.

பெயர் எழுதுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது வேறு, வெளியிடுவது வேறு. கூலியைப் பற்றி, கண் பார்வை மங்குவதைப் பற்றி, முதலாளியைப் பற்றி அவர் வாய்திறந்து பேசியிருந்தால், பெயரோடு போடலாமா என்று தனியாகக் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் உன் நோட்டில் பெயர், ஊர், தேதி, அவர் சொன்னது நான்கு வரி, இவை இருந்தே ஆக வேண்டும். மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டதுபோல் இவரும் நாளைக்குக் கேட்கலாம். அவரை உன்னால் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அவராலும் உன்னைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

இதற்கு இப்போது இன்னொரு காரணமும் வந்துவிட்டது. 2023இல் சோனி உலக ஒளிப்படப் போட்டியில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன் பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் படம் செயற்கை நுண்ணறிவு செய்தது, கேமராவில் எடுத்ததில்லை என்று அவரே அறிவித்தார். 'உப்பளத்தில் கூடை சுமக்கும் தமிழ்ப் பெண், விடிகாலை, நிழலுருவம்' என்று தட்டினால் உன் படத்தைவிட அழகான படம் அரை நிமிடத்தில் வந்து விழும். வெள்ளைத் தரை, கருத்த உருவம், பின்னால் வானம், எல்லாம் இருக்கும். அந்தப் பெண்ணிடம் போய்ப் பேச மட்டும் முடியாது. உன் படத்தில் இருப்பவரிடம் பேசலாம். அதை நீ கைவிட்டால் உனக்கும் அந்த இயந்திரத்துக்கும் என்ன வேறுபாடு மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் கண் இருக்கிறது. வார்பலகையைப் பிடித்திருக்கும் அந்தக் கையின் படத்தில், விரல் இடுக்கில் உப்பு வெட்டிய கீறல் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை எடுக்கும்போது நீ அவருக்கு மிகவும் பக்கத்தில் இருந்திருக்கிறாய். அந்த ஒரு படத்தை வைத்துத்தான் இவ்வளவு எழுதினேன். அது யாருடைய கை?

மழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும், அவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். அதற்குள் பிரிண்டுகளோடு ஒருமுறை திரும்பிப் போ. யார் எந்தப் படத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள், யார் வேண்டாம் என்றார்கள், யார் மறுபடி எடுக்கச் சொன்னார்கள் என்று எழுதிக்கொள். அடுத்த முறை எனக்குப் படங்களை அனுப்புமுன் பெயர்ப் பட்டியலை அனுப்பு. அது வந்த பிறகுதான் படங்களைத் திறப்பேன்.